தொட்டியில் இருப்பது யார்? – ஸ்பெயின், மொராக்கோ நாட்குறிப்பு

முதல் நாள்: மலாகா – சாந்தா எலேனா

இங்கிலாந்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குடில் இருக்கிறது. உள்ளே சூடேற்றும் வசதி எதுவும் கிடையாது. மணலில் கழுத்துவரை புதைத்த மண்தொட்டிகள் முப்பதுக்கு மேல் இருக்கும். எல்லாமே காட்டு டாஃபடில்கள். பள்ளிப் பாடத்தில் படித்தோமே, வசந்தத்தில் கூட்டமாகப் பூத்து ஆடும் பெரிய மஞ்சள் டாஃபடில், அது இல்லை. இவை விரல் நீளத் தண்டில், டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும், வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது பூப்பவை.

அவற்றில் ஒரு தொட்டிக்காகத்தான் இந்தப் பயணம். எட்டு வருஷம் முன்பு ஒரு விதைப் பரிமாற்றத்தில் வாங்கிய விதை. உறையில் ‘நார்சிசஸ் கான்டாப்ரிகஸ்’ என்று எழுதியிருந்தது. நார்சிசஸ் என்பது டாஃபடில்களின் தாவரவியல் பெயர். விதைத்து நான்காவது குளிர்காலத்தில் பூத்தது. கான்டாப்ரிகஸ் என்றால் தூய வெள்ளை. என்னுடையது பாலில் ஒரு சொட்டு மஞ்சள் விட்டது போல் விரிந்து, வாடும்போது வெளுத்தது. ஒவ்வொரு வருஷமும் பெயர்ச்சீட்டைப் பார்ப்பேன், பூவைப் பார்ப்பேன், மனசு ஒப்பாது. படங்களை வைத்து முடிவு செய்ய முடியவில்லை. சரி, அது பிறந்த மண்ணிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

கூட வருவது அக்கா மகள். கோவையில் தாவரவியல் முடித்துவிட்டு இப்போது பிரிஸ்டலில் படிக்கிறாள். மலாகாவில் இறங்கி வாடகைக் கார் எடுத்து வடக்கே வந்தோம். கிரானடா தாண்டி ஹயேன் வந்ததும் இரண்டு பக்கமும் ஒலிவ மரம், ஒலிவ மரம், மறுபடி ஒலிவ மரம். இருட்டிய பிறகு சாந்தா எலேனா வந்து சேர்ந்தோம். 1212இல் கிறிஸ்தவ மன்னர்கள் முஸ்லிம் ஆட்சியாளர்களை வென்ற லாஸ் நாவாஸ் தெ தொலோசா போர் நடந்தது இந்த ஊர்ப் பக்கம்தான். ஊர் சின்னது. குளிர் சின்னதில்லை.

இரண்டாம் நாள்: தெஸ்பெஞாபெர்ரோஸ்

லா மான்சா சமவெளியிலிருந்து அந்தலூசியாவுக்குள் இறங்கும் கணவாய் இது. சியெர்ரா மொரேனா மலைத்தொடரை ஆறு அறுத்துக்கொண்டு போன இடம். ‘லாஸ் ஓர்கனோஸ்’ என்று ஒரு பாறை இருக்கிறது. குவார்ட்சைட் அடுக்குகள் செங்குத்தாக நிமிர்ந்து, தேவாலய ஆர்கன் குழாய்களை வரிசையாக நட்டு வைத்தது போல் நிற்கின்றன. 1989 முதல் இது இயற்கைப் பூங்கா.

காலையில் பாதையோரம் முழுக்க உறைபனி. தக்கை ஓக் மரங்கள், பசை ஒட்டும் இலையோடு ஸிஸ்டஸ் புதர்கள். ஒரு மணி நேரம் நடந்தும் ஒன்றும் தென்படவில்லை. மரநிழலிலேயே தேடிக்கொண்டிருந்ததுதான் தப்பு. “சித்தி, அந்தப் பாறை மேல என்னமோ காகிதம் மாதிரி கிடக்கு பாருங்க” என்றாள். காகிதம் இல்லை.

பாறையின் மேல் உள்ளங்கை ஆழத்துக்குக்கூட மண் கிடையாது. பாசி, அதன் நடுவே புல் மாதிரி இலைகள், அவற்றினூடே கான்டாப்ரிகஸ். மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருஷமாகப் பெயரளவில் மட்டும் தெரிந்த ஒன்று கண்ணெதிரே, அதுவும் நூற்றுக்கணக்கில்.

பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவுக்கு ஆங்கிலத்தில் ‘ஹூப் பெட்டிகோட்’ என்று பெயர். நம் பக்கம் சொல்வதென்றால் குடைப்பாவாடை. சாதாரண டாஃபடிலில் ஆறு இதழும் நடுவே குழாய் போன்ற மகுடமும் சம அந்தஸ்தில் இருக்கும். இதில் மகுடம்தான் எல்லாம். அகன்று, குடை விரித்த பாவாடை போல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இதழ்கள் ஆறும் மெலிந்து, பின்னால் ஒட்டிய நாடாத் துண்டுகள் போல ஆகிவிட்டன. வெயில் பின்னாலிருந்து விழும்போது மகுடம் எண்ணெய்க் காகிதம் போல் ஒளியை உள்ளே விடுகிறது. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. மஞ்சளின் சாயல்கூட இல்லை.

கைலென்ஸை எடுத்து வரிசையாகப் பார்த்தோம். முதலில் பூக்காம்பு. பூத்தண்டின் நுனியில் பாளை மாதிரி ஒரு மெல்லிய உறை இருக்கும். அதற்குள்ளிருந்து பூ வெளிவரும் இடத்தில் காம்பு நீளமா குட்டையா என்று பார்க்க வேண்டும். இங்கே அநேகமாகக் காம்பே இல்லை. இருந்தாலும் பாளைக்குள் ஒளிந்திருக்கிறது. அடுத்து மகரந்தப்பைகள். பெரும்பாலும் மகுடத்தின் வாயருகே நின்றுவிடுகின்றன, சிலவற்றில் மட்டும் லேசாக எட்டிப் பார்க்கின்றன. இலை, பல செடிகளுக்கு ஒன்றே ஒன்று, சிலவற்றுக்கு இரண்டு.

“உங்க தொட்டில எத்தனை இலை?” என்று கேட்டாள். செல்பேசியில் இருந்த படத்தை எடுத்துக் காட்டினேன். ஒரு குமிழுக்கு, அதாவது வெங்காயம் போன்ற கிழங்குக்கு, மூன்று, சிலவற்றில் நான்கு. மகரந்தப்பைகள் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

கான்டாப்ரிகஸ் என்ற பெயரிலேயே ஒரு பிழை உண்டு. காண்டாப்ரியா என்பது ஸ்பெயினின் வட கடற்கரைப் பகுதி. இந்தப் பூ அங்கே வளர்வதில்லை. இருப்பது தெற்கு ஸ்பெயினிலும் வட ஆப்பிரிக்காவிலும்தான். எங்கிருந்து வந்தது என்பதைப் பழங்காலத்தில் யாரோ தவறாகக் குறித்து வைக்க, அதுவே பெயராகி நிலைத்துவிட்டது. இன்று அந்தப் பாறை மேல் உட்கார்ந்திருந்தபோது, விதை உறையில் எழுதியவர் மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் தணிந்தது.

மூன்றாம் நாள்: தாரிஃபாவுக்கு

நாள் முழுக்கச் சாலை. ஆந்தூஹார் பக்கம் ஓர் ஓடையோரத்தில் மட்டும் நிறுத்தினோம். மஞ்சள் ஜோன்குயில்கள் அப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தன. இலை கோரை மாதிரி உருண்டை. பெயரும் அதுதான், ஸ்பானிய மொழியில் ‘ஹூன்கோ’ என்றால் கோரை. ஜோன்குயில் பிரிவில் இனங்களைப் பிரிப்பது கடினம். பூக்குழலின் நீளம், இலையின் பருமன் என்று நூலிழை வித்தியாசங்கள். அதில் ஒன்று ஃபெர்னாண்டசி. கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் வாழ்நாளெல்லாம் நார்சிசஸின் குரோமோசோம்களை எண்ணிய அபிலியோ ஃபெர்னாண்டஸ் என்ற போர்ச்சுகல் தாவரவியலாளரின் பெயர் அது. மொத்தம் எத்தனை நார்சிசஸ் இனங்கள் என்று கேட்டால் ஒருவர் முப்பதுக்குள் முடிப்பார், இன்னொருவர் அறுபதைத் தாண்டுவார். நோட்டில் ‘ஜோன்குயில் பிரிவு, ஓடையோரம்’ என்று மட்டும் எழுதினேன். கண்ணால் பார்த்ததற்கு மேல் ஒரு சொல்லும் எழுதுவதில்லை என்று நேற்று இரவு முடிவெடுத்திருக்கிறேன்.

நான்காம் நாள்: தாரிஃபா

ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்கோடி. ஜிப்ரால்டர் ஜலசந்தி மிகக் குறுகும் இடத்தில் 14 கிலோமீட்டர்தான். அக்கரையில் மொராக்கோ மலைகள் கைநீட்டினால் தொடலாம் போல் தெரிகின்றன.

பொலோனியாவில் பழைய ரோமானிய ஊரான பேலோ கிளாவுதியாவின் இடிபாடுகள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அங்கே போகும் வழியில் மேய்ச்சல் நிலத்தில் அரிசி கொட்டியது போல் வெள்ளைத் திட்டுகள். இது பேப்பர்வைட், நார்சிசஸ் பாப்பிரேசியஸ். சீசன் முடியும் தறுவாய். ஆனாலும் ஈரம் தங்கிய பள்ளங்களில் நிறைய மிச்சம் இருந்தது. இந்த வட்டாரத்தில் ‘புஹேயோ’ என்று சொல்லும் கனத்த களிமண் அது. நம் கரிசல் போலவே மழையில் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்.

மேய்ச்சல் நிலத்தின் வேலிக் கதவருகே வாசம் வந்துவிட்டது. மல்லி! அப்படியே மல்லியில்லை, ஆனால் மல்லியின் அடியில் கனமாக ஒன்று இருக்குமே, பூக்கடைப் பக்கம் மாலையில் நடந்தால் வருவது, அது இதில் இருக்கிறது. இரண்டிலும் இண்டோல் என்ற வேதிப்பொருள் உண்டு. இங்கிலாந்தில் இந்தப் பூவை வீட்டுக்குள் வைத்தால் நாற்றம் தாங்கவில்லை என்று சொல்பவர்கள் பலர். மல்லிகைச் சரம் சூடி வளர்ந்த எங்களுக்கு அது ஒருபோதும் புரிந்ததில்லை. அக்கா மகள் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

மாடுகள் சுற்றிலும் ஒட்ட மேய்ந்திருக்கின்றன, பூவைத் தொடவில்லை. லைக்கோரின் என்ற நச்சு இலையிலும் குமிழிலும் இருக்கிறது. நம் ஊர் விஷமூங்கிலும் இதே குடும்பம்தான். இதே குடும்பத்திலிருந்துதான் கேலன்டமைன் என்ற மருந்தும் வருகிறது, அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுப்பது. அதற்காகவே வேல்ஸில் டாஃபடில் பயிர் செய்கிறார்கள்.

மாடு மிதித்துச் சாய்ந்து கிடந்த பூக்களைப் பொறுக்கி, பூக்குழலை நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். இன்றைய நாளின் சாரம் இதுதான். மகரந்தப்பைகள் இரண்டு அடுக்கு. மூன்று வாயருகே, மூன்று குழலுக்குள். முதல் பூவில் சூல்முடி மேல் அடுக்கைத் தொடும் உயரத்தில் இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. நான்காவதில் சூல்தண்டு குட்டை, சூல்முடி கீழ் அடுக்குக்கும் கீழே ஆழத்தில். ஒரே வயல், ஒரே இனம், ஆனால் செடிக்குச் செடி இரண்டு வகை.

செவில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பல வருஷம் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஜலசந்தியை ஒட்டிய கூட்டங்களில் நெடுந்தண்டு, குறுந்தண்டு இரண்டும் உண்டு. நீளநாக்கு அந்துப்பூச்சிகள் வந்து குழலின் அடிவரை துழாவுவதால் இரண்டு வகைக்கும் மகரந்தம் சேர்கிறது. உள்நாட்டுக்குப் போகப் போக வருகை தருபவை குட்டைநாக்கு மிதவை ஈக்கள். அவற்றுக்கு ஆழம் எட்டாது. அங்கே நெடுந்தண்டு மட்டுமே. பூவின் வடிவத்தை இடம் தீர்மானிக்கிறது, இடத்துப் பூச்சி தீர்மானிக்கிறது. தொட்டியில் வைத்துப் பார்க்கிற எனக்கு இந்த விஷயம் எப்படித் தெரிந்திருக்கும்?

ஐந்தாம் நாள்: காற்று

லெவாந்தே என்ற கிழக்குக் காற்று. இரவெல்லாம் ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது. காலையில் துறைமுகம் போனால் மொராக்கோவின் தாஞ்சியருக்குப் போகும் கப்பல் ரத்து. அடுத்த அறிவிப்பு மாலையில் என்றார்கள். மாலையில் நாளை என்றார்கள். நாளை அல்ஹெசிராசிலிருந்து பெரிய கப்பலில் போவதாக ஏற்பாடு.

மதியம் காற்று விழாத இடம் தேடி லாஸ் அல்கோர்னோகாலெஸ் தக்கை ஓக் காட்டுக்குள் போனோம். மணற்பாங்கான வெளி ஒன்றில் பல்போகோடியம் இருந்தது. இதுவும் குடைப்பாவாடைதான், ஆனால் முட்டைக்கரு மஞ்சள். இங்கே பூக்காம்பு தெளிவாகத் தெரிகிறது, பாளைக்கு உள்ளே கண்ணுக்கு நேராக நீண்டு நிற்கிறது. மகரந்தப்பைகள் மகுடத்துக்குள்ளேயே அடக்கம். மூன்று நாள் முன்பு பார்த்த கான்டாப்ரிகஸுக்கும் இதற்கும் நிறத்தை மறந்துவிட்டாலும் வித்தியாசம் சொல்லிவிடலாம். நிறத்தை நம்பிப் பெயர் வைக்கிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நானும் இத்தனை நாள் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுதியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அக்கா மகள் வளர்ப்பு முறையைக் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

குமிழ் சின்ன வெங்காயத்தை விடச் சின்னது. ஜூனில் இலை காய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் தொட்டி மண் உலர்ந்து, வெயில் சூடு பட வேண்டும். அடுத்த பூவின் மொட்டு அந்த உறக்கத்தில்தான் குமிழுக்குள் உருவாகிறது. பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் ஃபுசேரியம் பூஞ்சை அடியை அழுகச் செய்துவிடும். தொட்டி மாற்றுவதும் அப்போதுதான். பாதிக்குப் பாதி கூர்மணல் கலந்த மண் போடுகிறேன். செப்டம்பர் நடுவில் ஒரே ஒரு முறை, அடிவரை நனையும்படி தண்ணீர். அந்தலூசியாவில் இலையுதிர்கால முதல் மழை செய்யும் வேலையை நாம் செய்கிறோம், அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரத்தில் ஊசி இலைகள் எட்டிப் பார்க்கும்.

எனக்கு இங்கிலாந்துக் குளிர்காலத்தில் பெரிய கவலை குளிரில்லை, வெளிச்சமின்மையும் ஈரக்காற்றும்தான். குடிலின் கதவும் பலகணியும் உறைபனி இரவு தவிர எப்போதும் திறந்தே இருக்கும். மூடினால் சாம்பல் பூஞ்சை இலையில் ஏறிவிடும். மே, ஜூனில் வாடும் இலையின் அடியில் முட்டையிட வரும் நார்சிசஸ் ஈக்கு வலை. அதன் புழு ஒன்று போதும், குமிழை உள்ளே தின்று கூடாக்கிவிடும். ஒருமுறை ஒரு தொட்டி முழுக்க அப்படிப் போயிற்று, அழுதேவிட்டேன்.

விதை கறுப்பு, எள்ளை விடச் சற்றுப் பெரிது. செப்டம்பரில் விதைத்தால் குளிர்காலத்தில் தலைமுடி மாதிரி ஒற்றை இலை வரும். இரண்டு வருஷம் தொட்டியை மாற்றாமல் அப்படியே விட வேண்டும். குடைப்பாவாடைகள் மூன்று நான்கு வருஷத்தில் பூக்கும்.

“சித்தி, உங்க குடிலுக்குள்ள எல்லாம் ஒண்ணாத்தானே பூக்குது? கதவும் திறந்தே இருக்கு?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்ப வண்டு?”

விதை அனுப்பியவரின் குடிலும் அப்படித்தானே இருந்திருக்கும்.

ஆறாம் நாள்: அஸ்ரூ

அல்ஹெசிராசில் காரை விட்டுவிட்டு ஜலசந்தி தாண்டினோம். இக்கரையில் வண்டியும் ஓட்டுநரும். மெக்னெஸ் வழியாக அஸ்ரூ வர இரவாகிவிட்டது. இங்குள்ள பெர்பர் மக்களின் அமாசிக் மொழியில் ‘அஸ்ரூ’ என்றால் பாறை. வழியில் ஒரு கடையில் ம்ஸெம்மென் சாப்பிட்டோம். மாவை மெல்லிசாகப் பரப்பி, எண்ணெய் தடவி, மடித்து, கல்லில் போட்டு எடுக்கிறார்கள். பரோட்டாவின் கூடப்பிறந்தது. நாங்கள் தேடி வந்த பூவின் படத்தைக் காட்டியதும் ஓட்டுநர் “நர்ஜிஸ்” என்றார். நாளை மேலே பனி இருக்கும், நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள் என்று சைகையோடு சொன்னார்.

ஏழாம் நாள்: தேவதாரு காட்டில்

மத்திய அட்லஸ். பக்கத்து ஊரான இஃப்ரானில் 1935 பிப்ரவரியில் மைனஸ் 23.9 டிகிரி பதிவானது. ஆப்பிரிக்காவிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்திருந்த என் அம்மாவிடம் பனியில் நின்று வீடியோவில் பேசினேன், நம்பவே இல்லை.

அட்லஸ் தேவதாருக்கள் பிரமாண்டம். கிளைகள் தட்டுத் தட்டாகக் கிடையாகப் பரந்திருக்கின்றன. மரத்தடியில் வாலில்லாத பார்பரி குரங்குகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு குளிர் காய்கின்றன. நிழலில் பனி முழங்கால் வரை. வெயில் படும் திறந்த வெளிகளில் உருகி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த உருகும் விளிம்பில்தான் நாங்கள் தேடி வந்த நார்சிசஸ் ரோமியூக்ஸி, இன்னொரு குடைப்பாவாடை. சில மொட்டுகள் பனியின் ஓரத்தையே துளைத்துக்கொண்டு நின்றன. எலுமிச்சைத் தோலின் உட்புறத்துக்கு ஒரு வெளிர்மஞ்சள் உண்டே, அந்த நிறம். மகுடம் கான்டாப்ரிகஸைவிட அகலமாக விரிந்து, விளிம்பில் சுருக்கம் வைத்துத் தைத்தது போல் இருந்தது. பூக்காம்பு, இங்கேயும் இல்லை என்றே சொல்லலாம். மகரந்தப்பைகள், நன்றாக வெளியே. பொன் மஞ்சள் மகரந்தம் விரலில் ஒட்டியது.

“இது உங்க தொட்டிப் பூ!” என்று கத்தினாள். எனக்கும் ஒரு கணம் நெஞ்சு படபடத்தது. படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மகரந்தப்பைகள் அப்படியே. மகுடத்தின் அகலம் கிட்டத்தட்ட. ஆனால் நிறம்? என்னுடையது இவ்வளவு மஞ்சள் இல்லை. நிறத்தை நம்பாதே என்று நானே முந்தாநாள் எழுதினேன். ரோமியூக்ஸியிலும் ஆல்பிடஸ் என்று வெளிறிய வகை ஒன்று உண்டு. போதாக்குறைக்கு, கான்டாப்ரிகஸும் மொராக்கோவில் வளர்கிறது.

அக்கா மகள் சிரமப்பட்டு ஒரு வேலை செய்தாள். ஒரே வெளியில் இருந்த பூக்களில் மிக வெளிறியது, மிக அடர்ந்தது என்று தேடித் தேடிப் படம் எடுத்தாள். வரிசைப்படுத்தினால் ஒரு முனையில் கிட்டத்தட்ட கிரீம், மறுமுனையில் தெளிவான மஞ்சள். என் தொட்டிப் பூ அந்த வரிசையின் வெளிறிய முனைக்கும் சற்று வெளியே விழுகிறது. மகுடத்தின் விளிம்பு ரோமியூக்ஸிக்கும் கான்டாப்ரிகஸுக்கும் நடுவில். ரோமியூக்ஸியும் கான்டாப்ரிகஸும் ஒரே கூரையின் கீழ் ஒரே வாரத்தில் பூத்த ஏதோ ஒரு குடிலில், திறந்த கதவு வழியாக வந்த ஒரு வண்டின் பிள்ளை அது என்றுதான் இப்போது நினைக்கிறேன். இங்கே பனி விளிம்பில் நிற்கும் பூவுக்கு, பார்த்த நொடியில் ரோமியூக்ஸி என்று சொல்ல முடிகிறது. பாதி அடையாளத்தை இந்த இடமே சொல்லிவிடுகிறது. இடத்திலிருந்து பிரித்து, நாலைந்து கை மாறி, உறையில் வந்த விதைக்கு அந்தப் பாதி இல்லை.

விதையோ குமிழோ ஒன்றும் எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது. மாலையில் கடைசி வெயில் போனதும் பூக்கள் எல்லாம் நீலம் பாய்ந்தது போல் தெரிந்தன. ஹரீரா சூப்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தோம்.

வீடு திரும்பி

நேற்று இரவு வந்தோம். காலையில் காபிகூடப் போடாமல் குடிலுக்குப் போனேன். அந்தத் தொட்டியில் பூ முடிந்து, இரண்டு காய் பிடித்திருக்கிறது. விதைப் பரிமாற்றத்துக்கு அனுப்பலாம் என்று முன்பு வைத்திருந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். அனுப்பினால் யாரோ ஒருவர் எட்டு வருஷம் கழித்து இதே மாதிரி பெயர்ச்சீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். காய்களை இங்கேயே விதைப்பேன்.

அடுத்த ஜனவரியில் குடைப்பாவாடைத் தொட்டிகளை இனம் இனமாகத் தனியாகப் பிரித்து, கொசுவலைத் துணியால் மூடி, தூரிகையால் நானே மகரந்தம் சேர்ப்பதாகத் திட்டம். தூய விதை வேண்டுமென்றால் வேறு வழியில்லை. அக்கா மகள் கிளம்பும் முன் துணியை அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பழைய பெயர்ச்சீட்டைப் பிடுங்கிப் புதிது எழுதினேன். பென்சிலில்தான், மை வெயிலில் போய்விடும். ‘நார்சிசஸ், குடைப்பாவாடைப் பிரிவு. விதை: பரிமாற்றம். பிறந்த இடம் தெரியாது. ஜனவரி முதல் வாரம். வெளிர் கிரீம், மகரந்தப்பை வெளியே.’ சீட்டில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுத வேண்டியதாயிற்று.